டீயை விட்டால் யூரிக் அமிலம் குறையுமா? சாந்தீன் என்ற பெயர் செய்யும் குழப்பம்

பர்மாவின் பெகுவிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 58 வயது. ஒரு ராத்திரி வலது கால் கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிற மாதிரி வலித்திருக்கிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 9.2 மில்லிகிராம். டாக்டர் கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் நோய், என்று சொல்லி, வலி அடங்கியபிறகு அலோபுரினால் 100 மில்லிகிராம் தினமும் ஒன்று கொடுத்திருக்கிறார். மூன்றாவது வாரம் வலி மறுபடியும் வந்துவிட்டது. உங்கள் மாமா எங்கோ படித்துவிட்டு, "இந்த மாத்திரை சாந்தீன் யூரிக் அமிலமாக மாறுவதைத்தான் தடுக்கிறது. டீயில் இருக்கும் காஃபினும் சாந்தீன்தான். டீயை விட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா இப்போது மாத்திரையையும் நிறுத்திவிட்டு, டீயையும் நிறுத்திவிட்டு, தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது டீயைப் பற்றி. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: சாந்தீன் என்ற பெயரோடு உடம்புக்குள் போவதெல்லாம் யூரிக் அமிலமாகத்தான் வெளியே வருமா? வராது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மாமா சொன்னதில் முதல் இரண்டு வாக்கியமும் உண்மை, மூன்றாவதுதான் தப்பு. உண்மையான இரண்டு செய்தியிலிருந்து தப்பான முடிவு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான் ரங்கூனில் முப்பது வருடத்துக்கு மேல் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், சில வருடம் மாணவர்களுக்கு அந்தப் பாடமும் எடுத்தேன். டாக்டர் இல்லை. அதனால் வேதியியல் பக்கம் உறுதியாகப் பேசுவேன். மாத்திரை அளவு பற்றி வரும்போது உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதோடு நின்றுகொள்வேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பியூரின் என்ற ஒரு வளைய அமைப்பு இருக்கிறது. மரபணுவான டிஎன்ஏயிலும் அதுதான், செல்லுக்குச் சக்தி கொடுக்கும் ஏடிபியிலும் அதுதான். செல்கள் பழசாகிச் சிதையும்போதும், ஏடிபி செலவாகும்போதும் இந்த பியூரின் உடைந்து கடைசியில் ஹைப்போசாந்தீன் என்ற பொருளில் வந்து நிற்கும். அதில் ஓர் ஆக்சிஜன் அணு. அதோடு இன்னொரு ஆக்சிஜன் சேர்ந்தால் சாந்தீன். மூன்றாவதும் சேர்ந்தால் யூரிக் அமிலம். ஒன்று, இரண்டு, மூன்று; மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன், மறக்கவே மாட்டார்கள். இந்த இரண்டு படியையும் ஏற்றிவிடுவது ஒரே நொதி, சாந்தீன் ஆக்சிடேஸ். ஈரலிலும் குடலிலும் நிறைய இருக்கும். அதன் நடுவில் மாலிப்டினம் என்ற உலோக அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேலை நடக்கும் இடமே அதுதான். சேர்க்கப்படும் ஆக்சிஜனை அது காற்றிலிருந்து எடுப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுக்கிறது. யூரிக் அமிலம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கிறதே, அது யூரிக் அமிலம்தான்.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. 1776இல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். 1817இல் லண்டனில் மார்செட் என்ற மருத்துவர் இன்னொரு வகைக் கல்லைச் சோதித்தபோது, நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் நிறப் படிவு வந்தது. மஞ்சளுக்குக் கிரேக்க மொழியில் சாந்தோஸ். அதிலிருந்து சாந்தீன். பிற்பாடு எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் இந்த வகைப் பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஆய்வகத்திலேயே செய்து காட்டி, யூரிக் அமிலமும் காஃபினும் ஒரே அடிப்படை வளையத்தைக் கொண்டவை என்று நிறுவினார். 1902இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலைக்கும் பங்குண்டு. ஆக, காஃபினைச் சாந்தீன் குடும்பம் என்று சொல்வது அமைப்பைப் பார்த்து வைத்த பெயர். உடம்பு அதை என்ன செய்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை.

இந்த நொதியை நான் மாணவர்களுக்குக் கண்ணால் காட்டியது பாலில். எங்கள் தெருவுக்குப் பின்னால் மாடு வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் காலையில் கறந்த பாலை வாங்கிக்கொண்டு போவேன். ஒரு குழாயில் பச்சைப் பால், இன்னொன்றில் அதே பாலைக் காய்ச்சி ஆற வைத்தது. இரண்டிலும் மெத்திலீன் நீலச் சாயத்தையும் கொஞ்சம் ஃபார்மலினையும் விட்டு, காற்றுப் படாமல் மேலே எண்ணெய் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்போம். பச்சைப் பாலில் நீலம் மறைந்து வெள்ளையாகிவிடும். காய்ச்சின பால் நீலமாகவே நிற்கும். ஷார்டிங்கர் என்பவர் 1902இல் சொன்ன சோதனை இது. பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் சவ்வில் சாந்தீன் ஆக்சிடேஸ் நிறைய இருக்கிறது, காய்ச்சும்போது அது செத்துவிடுகிறது. அப்படியென்றால் பால் குடித்தால் யூரிக் அமிலம் ஏறுமா என்று வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். ஏறாது. நொதி ஒரு புரதம், வயிற்றில் மற்றப் புரதம் போலவே செரித்துவிடும். சொல்லப்போனால் பால் பொருள்கள் சேர்த்துக்கொள்பவர்களுக்கு யூரிக் அமிலம் கொஞ்சம் குறைவாக இருப்பதாகத்தான் ஆய்வுகளில் தெரிகிறது.

சரி, இப்போது டீக்கு வருகிறேன். காஃபின் என்பது சாந்தீன் வளையத்தின் 1, 3, 7 என்ற மூன்று இடங்களில் மெத்தில் என்ற சின்னக் கட்டுகள் ஒட்டியிருக்கும் பொருள். கோக்கோவில் இருக்கும் தியோப்ரோமினுக்கு 3, 7 ஆகிய இரண்டு இடத்தில். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினுக்கு 1, 3 ஆகிய இரண்டு இடத்தில். இவை தானாகக் கழன்று விழுவதில்லை. காஃபின் ஈரலுக்குப் போனதும், முதலில் அதைக் கையில் எடுப்பது சாந்தீன் ஆக்சிடேஸே இல்லை, சிஒய்பி1ஏ2 என்ற வேறொரு நொதி. அது பெரும்பாலும் 3ஆம் இடத்துக் கட்டை எடுத்துப் பாராசாந்தீன் ஆக்குகிறது. அதிலிருந்து இன்னொரு கட்டு போய் 1-மெத்தில் சாந்தீன் வரும். அந்த இடத்தில்தான் நம் நொதி உள்ளே வந்து 8ஆம் இடத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. ஆனால் வருவது யூரிக் அமிலம் இல்லை, 1-மெத்தில் யூரிக் அமிலம். கடைசி மெத்தில் கட்டு போகாமல் அப்படியே இருக்கிறது. அது சிறுநீரில் போய்விடும். மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்து வலி கொடுப்பது மோனோசோடியம் யூரேட், அதாவது கட்டே இல்லாத யூரிக் அமிலத்தின் உப்பு. காஃபின் எவ்வளவு குடித்தாலும் இந்த வழியில் அதற்குப் போய்ச் சேருவதில்லை. மாமாவின் வாதம் நிற்பதற்கு, மூன்று கட்டும் முழுதாகக் கழன்று வெறும் சாந்தீன் வர வேண்டும். மனித உடம்பில் காஃபின் அப்படி முடிவதில்லை.

மாமா ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களும் கௌட் நோயாளிகளைக் காப்பியும் டீயும் விடச் சொன்னார்கள். அதற்குப் பழைய ஆய்வகச் சோதனையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது யூரிக் அமிலத்தை ஃபாஸ்ஃபோடங்ஸ்டிக் அமிலம் சேர்த்து, வரும் நீல நிறத்தை வைத்து அளந்தோம். அந்த நிறம் யூரிக் அமிலத்துக்கு மட்டும் வருவதில்லை. காஃபின், தியோஃபிலின் ரத்தத்தில் இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். ஆஸ்துமாவுக்காக நெடுநாள் தியோஃபிலின் சாப்பிட்ட ஒருவரின் ரத்தம் எங்களிடம் வந்தது. இரண்டு தடவை பார்த்தும் அளவு கூடுதல். மூட்டில் ஒரு வலியும் இல்லாத மனிதர், கறி மீனையெல்லாம் விட்டு மெலிந்துபோயிருந்தார். அப்போதுதான் புதிதாக வந்திருந்த யூரிகேஸ் முறையில் அதே ரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன், அளவு சாதாரணம். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சங்கடம் இன்றும் நினைவிருக்கிறது, எங்கள் தாளை நம்பித்தானே அவர் பட்டினி கிடந்தார். இன்று அனேகமாக எல்லா ஆய்வகத்திலும் யூரிகேஸ் முறைதான், அதில் இந்தக் குழப்பம் இல்லை. அப்பாவின் 9.2ஐ நம்பலாம், அதுவும் உண்மையிலேயே மூட்டு வீங்கியிருக்கும்போது.

யூரிகேஸ் என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கௌட் மனிதனுக்கு வருவதன் காரணமே அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக் அமிலம் கடைசிப் பொருள் கிடையாது. யூரிகேஸ் அதை அல்லன்டாயின் என்ற, தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். நம் முன்னோர்களில், மனிதக் குரங்குகளோடு சேர்த்து, அந்த நொதிக்கான மரபணு பல லட்சம் தலைமுறைக்கு முன்பே கெட்டுப்போய்விட்டது. அதனால்தான் நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் இவ்வளவு. நாம் இழந்த நொதியைத்தான் ஆய்வகத்தில் புட்டியில் வைத்து நம் ரத்தத்தை அளக்கிறோம். உடம்பின் சூட்டில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட் கரைந்திருக்கும். அதற்கு மேல் போனால் படிய ஆரம்பிக்கலாம். சூடு குறைந்தால் கரையும் அளவு இன்னும் குறையும். உடம்பிலேயே குளிர்ச்சியான ஓரமாகக் கிடக்கும் கால் கட்டைவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் செல்களிலிருந்தே வருவது, சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கு. பியூரின் உள்ள சாப்பாட்டை மிகக் கண்டிப்பாகத் தவிர்த்தால்கூட ரத்த அளவு பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். 9.2 என்பது 8.2 ஆகும். அதுவும் 6.8க்கு மேலேதான். டாக்டர்கள் வைக்கும் இலக்கு 6க்குக் கீழே. கௌட் வந்த பெரும்பாலோருக்கு அடிப்படைக் காரணம் நிறையச் சாப்பிட்டது இல்லை, சிறுநீரகம் யூரேட்டைப் போதிய அளவு வெளியே தள்ளாதது. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்று வீட்டில் யாராவது பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நோயால் வரும் வலியைவிட அந்தப் பேச்சுக்குப் பயந்து வலியை மறைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டீயில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அது தேயிலை இல்லை, இனிப்பு. நம் ஊர் டீக்கடை லப்பயே, அதாவது பால் டீ, சர்க்கரை போட்ட கட்டிப்பாலில்தான் போடப்படுகிறது. "சோ செய்ன்" என்று கேட்டு வாங்கினால் இன்னும் தித்திப்பு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். ஈரல் ஃப்ரக்டோஸைக் கையாளும்போது ஏடிபி சட்டென்று செலவாகிறது, செலவான ஏடிபி உடைந்து ஹைப்போசாந்தீன் வழியாக யூரிக் அமிலமாகிறது. பாருங்கள், பெயரில் சாந்தீன் உள்ள காஃபின் யூரிக் அமிலம் ஆவதில்லை, சாந்தீனோடு பெயரளவிலும் சம்பந்தம் இல்லாத சர்க்கரை அதைக் கூட்டுகிறது. நாளைக்கு ஆறு ஏழு கிளாஸ் என்று எழுதியிருந்தீர்கள். அதை இரண்டாகக் குறைத்து, மற்ற நேரத்தில் டீக்கடை மேஜையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேயிலைத் தண்ணீரைக் குடிக்கட்டும். ஊறவைத்த தேயிலையில் செய்யும் லப்பெட் தோவும் சாப்பிடலாம், அதில் போடும் காய்ந்த இறாலை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். கருவாடு, நெத்தலி, ஙப்பி என்ற மீன் விழுது அதிகம் போட்ட குழம்பு, ஈரல், குடல் இவை பியூரின் மிகுந்தவை. பீர் இரண்டு வகையில் கெடுதல்: அதிலேயே பியூரின் இருக்கிறது, மதுவும் யூரேட் வெளியேறுவதைத் தடுக்கிறது. மீன் குழம்பில் போடும் மொஹிங்கா நூடுல்ஸை மாதத்தில் நாலு தடவை சாப்பிடுவதில் நான் பெரிய தப்புக் காணவில்லை. பருப்பு, கடலை, தோஃபு பற்றிப் பயம் வேண்டாம். பருப்பில் பியூரின் இருந்தாலும், அதைச் சாப்பிடுவதால் கௌட் கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. நம் வீடுகளில் "வாயு" என்று சொல்லிச் சாம்பாரையே நிறுத்திவிடுகிறார்கள், அது வீண்.

காப்பி பற்றி மாமா எதிர்க்கேள்வி கேட்பார். காப்பி நிறையக் குடிக்கிற ஆண்களுக்குக் கௌட் வருவது குறைவாக இருந்தது என்று அமெரிக்காவில் பல வருடம் பல ஆயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. டீக்கு அப்படி எந்தப் பக்கமும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. காப்பிதான் காப்பாற்றுகிறதா, காப்பி குடிக்கிறவர்களின் மற்றப் பழக்கமா என்பது இந்த மாதிரி ஆய்வில் முடிவாகாது. பச்சைத் தேயிலையில் இருக்கும் சில பொருள்கள் சோதனைக் குழாயில் சாந்தீன் ஆக்சிடேஸைத் தடுக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் குழாயில் தடுக்கிற நூறு பொருளில் உடம்புக்குள் போய் அந்த வேலையைச் செய்வது ஒன்றோ இரண்டோ. அதனால் கௌட்டுக்கு மருந்து என்று சொல்லிக் காப்பியையோ தேயிலைப் பொடியையோ விற்க வந்தால் நான் வாங்க மாட்டேன். டீ, காப்பியால் கௌட் வரும் என்பதற்குச் சான்று இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

மாத்திரைக்கு வருவோம். அலோபுரினால், ஜைலோரிக் என்ற பெயரில் பல பேருக்குத் தெரிந்திருக்கும், பார்ப்பதற்கு ஹைப்போசாந்தீன் போலவே இருக்கும். வளையத்தில் ஒரு நைட்ரஜனும் ஒரு கார்பனும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அமெரிக்காவில் இதை எடுத்து ஆராய்ந்தது கௌட்டுக்காக இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு அவர்கள் கொண்டுவந்த மெர்கேப்டோபியூரின் என்ற மருந்தைச் சாந்தீன் ஆக்சிடேஸ் சீக்கிரமே அழித்துவிடுகிறது, அதைத் தடுக்க ஒன்று தேடினார்கள். கொடுத்துப் பார்த்தால் நோயாளிகளின் யூரிக் அமிலமும் சேர்ந்தே இறங்கியது. 1966இல் கௌட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது, 1988இல் இருவருக்கும் நோபல் பரிசு. மருந்து வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்பு. நொதி இதையும் ஹைப்போசாந்தீன் என்று நினைத்து ஆக்சிஜனைச் சேர்த்து ஆக்ஸிபுரினாலாக மாற்றுகிறது. அந்த ஆக்ஸிபுரினால் மாலிப்டினத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. அலோபுரினால் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், ஆக்ஸிபுரினாலுக்கோ பாதியாக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதுமானது அதனால்தான். ஆக்ஸிபுரினால் சிறுநீரகம் வழியே போவதால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

மாத்திரை சாந்தீனைத் தேக்கிவிடாதா, அது கெடுதல் இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. தேங்குவது ஒரே பொருளாக இல்லை. ஹைப்போசாந்தீனில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துப் புது பியூரினாகப் பயன்படுத்திக்கொள்ளும், மிச்சம் ஹைப்போசாந்தீன், சாந்தீன், யூரிக் அமிலம் என்று மூன்றாகப் பிரிந்து சிறுநீரில் போகும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கரைவதால் எதுவும் படியும் அளவுக்கு ஏறுவதில்லை. பிறவியிலேயே இந்த நொதி இல்லாத சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் யூரிக் அமிலம் கிட்டத்தட்ட இருக்காது. பல பேர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள், சிலருக்குச் சாந்தீன் கல் வருகிறது. மார்செட் 1817இல் பார்த்ததும் அப்படிப்பட்ட கல்தான். ஆகவே கௌட்டுக்கு மாத்திரை எடுப்பவர் நிறையத் தண்ணீர் குடித்தால் போதும்.

மூன்றாவது வாரம் வலி திரும்பியதைப் பார்த்து அப்பா மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். நூற்றுக்கு எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் யூரேட் இறங்க ஆரம்பித்ததும், வருடக்கணக்காக மூட்டில் படிந்திருந்த ஊசிகள் கரைந்து உதிர ஆரம்பிக்கும், உதிரும்போது வீக்கம் வரும். மருந்து வேலை செய்வதன் அடையாளமே அது. இதற்காகத்தான் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை வீக்கத்தைத் தடுக்கும் கால்ச்சிசின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அப்பாவுக்கு அது எழுதப்பட்டதா என்று மருந்துச் சீட்டில் பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். 100 மில்லிகிராம் என்பது முடிவான அளவும் இல்லை, அது தொடக்கம். சில வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்து, 6க்குக் கீழே வரும்வரை மெல்ல ஏற்றுவார்கள். "100 மில்லி சாப்பிட்டும் குறையவில்லை" என்று நிறுத்தியவர்களுக்கு உண்மையில் மருந்து கொடுக்கவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மாத்திரையை அந்த நொடியே நிறுத்த வேண்டும், இதை அப்பாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். தோலில் சிவந்த தடிப்பு, அரிப்பு, காய்ச்சல், வாயில் புண், கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிகச் சிலருக்கு அலோபுரினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும், அது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும். எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அபாயம் பல மடங்கு. 2005இல் தைவானில் இதைக் கண்டுபிடித்தார்கள். சீனர், தாய்லாந்துக்காரர், கொரியர் மத்தியில் அந்த வகை அதிகம். பர்மியத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி வழியிலோ தாய் வழியிலோ சீன, ஷான், பர்மிய ரத்தம் கலந்திருப்பது சாதாரணம். உங்கள் குடும்பத்தில் அப்படி இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சோதனை கிடைக்கும் இடம் இருந்தால் செய்யலாமா என்று கேட்கலாம். இந்த அபாயம் இருப்பதும் குறைந்த அளவில் தொடங்குவதற்கு ஒரு காரணம்.

இரண்டு மருந்துகளையும் குறிப்பிட்டாக வேண்டும். உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் அசாதயோப்ரினோடு அலோபுரினால் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கிப்போகும் அளவுக்கு ஆபத்து, காரணம் மேலே சொன்ன அதே நொதிதான் அந்த மருந்தையும் அழிப்பது. இன்னொன்று நம் நாட்டில் நிறையப் பேருக்குப் பொருந்துவது. காசநோய்க்குக் கொடுக்கும் பைரசினமைடு யூரேட் வெளியேறுவதைத் தடுத்து அளவை நன்றாகவே ஏற்றிவிடும். காசநோய் மாத்திரை எடுக்கும் ஒருவரின் ரத்தத்தில் யூரிக் அமிலம் 10 என்று வந்தால், மூட்டு வலி இல்லாதவரை பொதுவாக அதற்கென்று மருந்து கொடுப்பதில்லை. காசநோய் மருந்தை அவர் தானாக நிறுத்தவே கூடாது. அங்கே அலோபுரினால் சேர்த்தும் பெரிய பயன் இல்லை. பைரசினமைடிலிருந்து உண்டாகும் பொருளை உடைப்பதும் சாந்தீன் ஆக்சிடேஸ்தான், அதைத் தடுத்தால் அந்தப் பொருள் தேங்கி யூரேட்டை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மருந்துக்கடைக்காரர் "இது இதயத்துக்கும் நல்லது" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியும். சாந்தீன் ஆக்சிடேஸ் வேலை செய்யும்போது சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற திசுவைக் கெடுக்கும் பொருள்களும் உண்டாகின்றன. 1969இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடை அழிக்கும் நொதியைக் கண்டுபிடித்தது இதை வைத்துத்தான். ஆகவே அந்த நொதியைத் தடுத்தால் இதயம் பிழைக்கும் என்று பல பேர் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் கௌட் இல்லாத, இதய ரத்தக் குழாய் நோய் உள்ள 5,700க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. அலோபுரினால் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. அதனால் கௌட்டுக்காக எடுங்கள், இதயத்துக்காக என்று நினைக்க வேண்டாம். கௌட்டும் இல்லாமல் வெறும் அளவு மட்டும் கூடியிருக்கிறது என்றால் பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டியதில்லை.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது: மாத்திரை கொடுத்த டாக்டரிடம் திரும்பப் போங்கள். எத்தனை நாள் சாப்பிட்டார், எந்தத் தேதியில் நிறுத்தினார், தடிப்பு ஏதாவது வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மறுபடி ஆரம்பிப்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்திருக்கிறதா என்றும் கேளுங்கள். டீ நிறுத்திய தலைவலி காஃபின் பழகிய உடம்புக்கு வருவது, சில நாளில் போய்விடும். இல்லையென்றால் ஒரு கிளாஸ் டீ குடித்தாலும் தப்பில்லை. அப்புறம், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு என்ன மாத்திரை எடுக்கிறார்? ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பிரிக்கும் மருந்து யூரிக் அமிலத்தை ஏற்றும், லொசார்ட்டன் கொஞ்சம் இறக்கும். அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து எழுதுங்கள், அதைப் பற்றியும் சொல்கிறேன்.